அமராவதிக்கு ஏழு நிமிடம்

ஜூன் 9, ஞாயிறு

சட்டமன்ற உறுப்பினர் விடுதி, மூன்றாவது மாடி. வந்து சேரும்போது மணி பதினொன்று. குழாயில் தண்ணீர் இல்லை. கீழே காவலாளியிடம் கேட்டால், "மோட்டார் போட்டிருக்கு சார், ஏறும்" என்கிறான். ஒரு மணி நேரமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. அமராவதி பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். பக்கத்து அறை பிலோமினா, கடலோரத் தொகுதி, எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியிடம் தண்ணீர் வாங்கிக் குளிக்கும் ஆளுங்கட்சி உறுப்பினர் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இருபதாம் தேதி மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை. அதில் பேச அமராவதிக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருப்பதாகக் கொறடா சொல்லிவிட்டார். அவளிடம் அல்ல, என்னிடம். கட்சியில் யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த மனிதர். நான் முப்பத்து மூன்று ஆண்டு தமிழாசிரியன், இருபது ஆண்டு கட்சி மேடைப் பேச்சாளன். "புலவர் திருஞானம்" என்று சுவரொட்டியில் பெயர் போட்டால் நூறு பேராவது கூடுவார்கள். போன தேர்தலில் எனக்குத்தான் இடம் என்று ஊரே நினைத்தது. தலைமை, "நர்ஸம்மாவ நிறுத்துங்க, அவங்களத்தான் எல்லா வீட்லயும் தெரியும்" என்றது. இருபத்தாறு வருடம் கிராமம் கிராமமாக ஸ்கூட்டியில் போய்த் தடுப்பூசி போட்டவளை எல்லா வீட்டிலும் தெரியாமல் என்ன செய்யும்? அவள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தாள். நான் பிரசாரம் செய்தேன். எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை.

உரையைத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கமே நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

ஏழு பக்கம் முடிந்தது. அவளை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அன்னைத் தமிழே, அகிலத்தின் அமுதே" என்று நான் குரலை உயர்த்திய இடத்தில் எழுந்துபோய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

முடித்ததும் கேட்டாள்: "நல்லாத்தாங்க இருக்கு. கருப்பைன்னு ஒரு எடத்துலயும் வரலையே?"

"அதெல்லாம் சபையில பேசுற விசயமா?"

"அத எடுக்குறது மட்டும் ஊர் ஊரா நடக்குது. பேசக் கூடாதா?"

இதுதான் ஆறு மாதமாக இவளுக்குப் பிடித்திருக்கும் பித்து. ஒரு கோடு போட்ட நோட்டைத் தூக்கிக்கொண்டு தொகுதியில் பதினோரு ஊரில் வீடு வீடாகப் போனாள். எந்தப் பெண்ணுக்கு எந்த வயதில் கருப்பையை எடுத்தார்கள் என்று கேட்டு எழுதினாள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் செய்கிற வேலையா? சாலை திறப்பு விழாவுக்குப் போகாமல் அதற்குப் போனாள். நாடா வெட்ட நான் போனேன்.

"பொதுவா ‘மகளிர் நலம்’னு போட்டிருக்கேன். அதுலயே எல்லாம் அடங்கும்" என்றேன்.

"ஒங்களுக்கு அந்தச் சொல்லு ஆகாது" என்றாள்.

தமிழில் எனக்கு ஆகாத சொல் எது? கருப்பை, கருவறை, சூல், எல்லாம் பழந்தமிழ்ச் சொற்கள்தான். வகுப்பில் எத்தனை முறை விளக்கியிருப்பேன். இதைச் சொல்ல வாயெடுத்தபோது பிலோமினா கதவைத் தட்டி வறுத்த நெத்திலி கொண்டுவந்தார். பேச்சு அத்தோடு போயிற்று.

ஜூன் 12, புதன்

மின்விசிறி ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் வருகிறேன் என்றவன் வரவில்லை. இருவருக்கும் இடையே பேச்சும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

தலைகுனிவு.

கேள்வி நேரத்தில் யாரோ ஓர் உறுப்பினர் தன் ஊருக்கு ஆம்புலன்ஸ் கேட்டிருக்கிறார். துணைக்கேள்விக்கு இவள் கையைத் தூக்கியிருக்கிறாள். "தனியார் ஆஸ்பத்திரிகள்ல இளவயசுப் பொண்ணுங்களுக்குத் தேவையில்லாம கருப்பைய எடுக்குறதத் தடுக்க அரசு என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டாள். ஆம்புலன்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பின்வரிசையில் சிரிப்பு. "ஆம்புலன்ஸ்ல ஏத்துனதே நர்ஸம்மாதானே?" என்று ஒருவர். இது துணைக்கேள்வி ஆகாது என்று பேரவைத் தலைவர் உட்கார வைத்துவிட்டார். மாலைப் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி: "அவையில் சிரிப்பலை".

சாயங்காலம் கொறடா என்னை ஃபோனில் அழைத்தார். "புலவரே, வீட்ல சொல்லி வைங்க. இருபதாம் தேதி நீங்க எழுதுனதத்தான படிப்பாங்க?"

"ஆமாங்க, அதத்தான்" என்றேன்.

அமராவதி பக்கத்தில் உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். "யாரு?" என்றாள். "தெரிஞ்சவர்" என்றேன்.

"அவரு நம்பரு எங்கிட்டயும் இருக்குதுங்க. எனக்கு ஒரு நாளும் அடிச்சதில்ல" என்றாள். ஊசியில் நூலைக் கோத்தபடியேதான் சொன்னாள்.

ஜூன் 15, சனி

வார விடுமுறை. ஊருக்கு வந்தோம். எட்டு மணிக்கே வாசலில் செருப்பு. வீரசின்னம்மாள் என்றொரு பெண், இருபத்தேழு வயதாம், பார்த்தால் நாற்பது சொல்லலாம். நான் செய்தித்தாள் படிக்கும் நாற்காலியில் அமராவதி அவளை உட்கார வைத்துவிட்டாள். நான் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. படிக்க எங்கே முடிந்தது? சுவர் அத்தனை மெல்லியது.

"வெள்ளப்படுதுன்னுதான் நர்ஸம்மா போனேன். ஸ்கேன் எடுத்தாக. கர்ப்பப்பையில புண்ணு, விட்டா புத்துநோயாயிரும்னாக. காப்பீட்டு அட்ட இருக்கான்னாக. இருக்குன்னாரு இவரு. அன்னைக்கே படுக்கச் சொல்லிட்டாக."

"ஒன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"எங்கிட்ட என்னத்தக் கேக்க? இவரு கையெழுத்துப் போட்டாரு."

இப்போது அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லையாம். களையெடுக்கக் குனிந்தால் இடுப்பு விட்டுப்போகிறதாம். திடீர் திடீரென்று உடம்பு தீயாகக் கொதிக்கிறதாம். வேலைக்கு ஆகாதவள் என்று புருஷன் வேறு பெண் பார்க்கிறானாம். கையெழுத்துப் போட்டவனே! என்ன மனிதர்கள்!

பிறகு அமராவதியின் குரல் தணிந்தது. "எனக்கும் இப்படித்தாம்மா..." என்று ஏதோ தொடங்கினாள். கொல்லையில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் பின்பக்கமாகப் போய் ஊற்றினேன். நன்றாக ஊற வேண்டும் என்று பத்து வாளி ஊற்றினேன்.

ஜூன் 16, ஞாயிறு

முருங்கைக்கு அத்தனை தண்ணீர் ஆகாதாம். அமராவதி சொன்னாள்.

ஜூன் 18, செவ்வாய்

மறுபடி சென்னை. கொறடா தன் அறைக்கே வரச் சொல்லியிருந்தார். காபி, முறுக்கு. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"புலவரே, ஆஸ்பத்திரி நடத்துறவங்க நம்மாளும் இருக்காங்க, அவங்க ஆளும் இருக்காங்க. துறை மானியத்தன்னிக்கு நம்ம உறுப்பினரே எந்திரிச்சு இதப் பேசுனா அமைச்சர் முகத்த எங்க வச்சுக்குவாரு? அவங்க பேசட்டும், அழகாப் பேசட்டும், ஒங்க தமிழ்ல பேசட்டும். நூலக வாரியத்துக்கு ஒரு நல்ல தமிழறிஞரத் தலைவராப் போடணும்னு தலைமையில பேச்சிருக்கு. ஒங்க பேரு என் மனசுல இருக்கு."

நூலக வாரியம். நான் கேட்டு வாங்கவில்லை. அவராகச் சொன்னார்.

விடுதிக்கு வரும் வழியில் உரையைப் பெரிய எழுத்தில் அச்சடித்தேன். அவள் கண்ணாடி போடாமலே படிக்கலாம். அமராவதி வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"கொறடா என்ன சொன்னாரு?"

"ஒன்னும் இல்ல. நல்லாப் பேசச் சொன்னார்."

"சரி, குடுங்க. நல்லாப் பேசுறேன்" என்று கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நிம்மதி. இவ்வளவு எளிதாக முடியும் என்று தெரிந்திருந்தால் பத்து நாள் வயிற்றெரிச்சல் மிச்சமாகியிருக்கும்.

ஜூன் 20, வியாழன்

பேசினாள். இன்று எழுத முடியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது திரித்துச் சொன்னால் இது இருக்கட்டும்.

பார்வையாளர் மாடத்தில் மூன்றாம் வரிசையில் எனக்கு இடம். பக்கத்தில் தன் ஊர் உறுப்பினரைப் பார்க்க வந்த ஒரு மனிதர், கையில் மஞ்சள் பை. பன்னிரண்டே காலுக்கு இவள் பெயரை அழைத்தார்கள். எழுந்தாள். என் பக்கங்கள் கையில் இருந்தன. "அன்னைத் தமிழே, அகிலத்தின் அமுதே" என்று தொடங்கினாள். என் தமிழ் அந்த மண்டபத்தில் கேட்டபோது எனக்குக் கண் பனித்தது என்பதை மறைக்க மாட்டேன். வாழ்த்து முடிந்தது. காகிதத்தை நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"தலைவர் அவர்களே, எனக்குக் குடுத்தது ஏழு நிமிசம். அதுல ஒன்னு வாழ்த்துலயே போயிருச்சு. மிச்சம் ஆறுல நான் கண்ணால பாத்ததச் சொல்லிர்றேன்."

நான் எழுந்துவிட்டேன். காவலர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"என் தொகுதியில பதினோரு ஊருல வீடு வீடாப் போய்க் கேட்டேன். நாப்பது வயசுக்குள்ள கருப்பைய எடுத்தவங்க இருநூத்திப் பதினாலு பேரு. அதுல அறுவத்தொம்பது பேருக்கு முப்பது வயசே ஆகல."

"அம்மா, இது சபை, ஆஸ்பத்திரி இல்ல!" என்று ஒரு குரல். எங்கள் கட்சி வரிசையிலிருந்துதான். சிரிப்பு.

"ஆஸ்பத்திரியில கேட்டாலும் இப்படித்தாண்ணே சிரிக்கிறாங்க. அதான் இங்க வந்தேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. பேரவைத் தலைவர், "உறுப்பினர் பொதுவாகப் பேசலாம், இவ்வளவு விவரம் வேண்டாம்" என்றார்.

"பொதுவாப் பேசிப் பேசித்தான் இத்தன பேருக்கு எடுத்துட்டாங்க, தலைவர் அவர்களே. மாத்திரையில தீர்ற நோயிக்குக் கத்தி வக்கிறாங்க. ‘அட்டை இருக்கா?’ன்னு கேக்குறாங்க, ‘புருசன் வந்திருக்காரா?’ன்னு கேக்குறாங்க. படுத்திருக்கிறவகிட்ட ஒரு வார்த்த கேக்கறதில்ல."

மணி அடித்தது. கொறடா அவளைப் பார்த்து உட்காரும்படி கையைக் காட்டினார். பிறகு அண்ணாந்து மாடத்தைப் பார்த்தார். என்னைத்தான் தேடினார். நான் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"முடிச்சிர்றேன். எனக்கும் முப்பத்திரண்டு வயசுல எடுத்தாங்க. நானே நர்ஸு. உதிரப்போக்கு இருந்துச்சு, சுத்தம் பண்ணப் போறோம்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க. மயக்கத்துல இருந்தேன். முழிச்சுப் பாத்தப்ப இல்ல. இன்னொரு புள்ள பெத்துக்கணும்னு இருந்தவ நான். கையெழுத்துப் போட்டது எங்க வீட்டுக்காரரு."

கடைசி வார்த்தைகள் முடியும் முன்பே கூச்சல். யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. "சொந்தக் கதையெல்லாம் எதுக்கு?" என்பது மட்டும் காதில் விழுந்தது. அதற்கு மேலே ஏறி அவள் குரல் வந்தது. அவ்வளவு உரக்க அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ரெண்டே ரெண்டு கோரிக்க. நாப்பதுக்குக் கீழ இருக்கிற யாருக்கும் அரசு டாக்டரம்மா பாத்து எழுதித் தராம இத எடுக்கக் கூடாது. ரெண்டாவது, கையெழுத்து அவ போடணும். அவளுக்குப் புரியிற மாதிரி சொல்லி, அவ தெளிவா இருக்கும்போது, அவளே போடணும்."

உட்கார்ந்தாள். முதலில் மேசையைத் தட்டியது எதிரணியில் பிலோமினா. அப்புறம் இரண்டு பக்கத்திலும் இருந்த பெண்கள். அப்புறம் சில ஆண்கள். கொறடா தட்டவில்லை.

மஞ்சள் பைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "யாருங்க இந்தம்மா? நெஞ்சுல அடிச்ச மாதிரிப் பேசுது. ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

அமைச்சர் பதிலுரையில், உறுப்பினர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார், ஆனாலும் ஆய்வு செய்யப்படும் என்றார். அறைக்கு வந்தால் அமராவதி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது.

ஒன்றை மட்டும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவளுக்கு அறுவை நடந்த அன்று மருத்துவர் வெளியே வந்து, கட்டி இருக்கிறது, எடுத்துவிடுவதே நல்லது, இப்போதே முடிவு சொல்லுங்கள் என்றார். நான் மருத்துவனா? எனக்கு அன்று விடைத்தாள் திருத்தும் முகாம், இரண்டு மணிக்குள் போயாக வேண்டும், போகாவிட்டால் மெமோ. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். கட்டியைப் பரிசோதித்த அறிக்கை பிறகு வந்தது. சாதாரணக் கட்டிதான் என்று இருந்தது. அதை நான் பீரோவில் பத்திரமாகத்தான் வைத்தேன். அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஜூன் 22, சனி

தொகுதிக்குப் போகவில்லை. எல்லாப் பத்திரிகையிலும் அவள் படம். ஒன்றில் மட்டும் "புலவர் திருஞானத்தின் மனைவி" என்று போட்டிருந்தார்கள். மற்ற நாளாயிருந்தால் வெட்டி வைத்திருப்பேன்.

மத்தியானம் கோவையிலிருந்து மகள் நங்கை பேசினாள். அம்மாவிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு என்னைக் கேட்டாள்.

"அப்பா, அம்மா சொன்னது நெசமா?"

"டாக்டர் சொன்னார்ம்மா. அவசரம்னார்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அவ மயக்கத்துல இருந்தா..."

"மயக்கம் தெளியிற வரைக்கும் உக்காந்திருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

"அன்னைக்கு விடைத்தாள் திருத்தப் போகணும்..." என்று சொன்னேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று, "நங்கை, நங்கை" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேம்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு வைத்துவிட்டாள்.

ஜூன் 24, திங்கள்

கொறடா இன்று தாழ்வாரத்தில் எதிரே வந்தார். புலவரே என்று கூப்பிடவில்லை. "இனிமே அவங்களுக்கு நேரம் கெடைக்கிறது கஷ்டம். ஒங்களால முடியும்னு நெனச்சேன், பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். நூலக வாரியம் போயிற்று. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் அவர்மேலா, அமராவதிமேலா, என்மேலா என்று இப்போது வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மாலையில் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை. எங்கள் மாவட்டத்தில் மட்டும், ஆறு மாதத்துக்கு, நாற்பது வயதுக்குக் கீழே என்றால் அரசு மகப்பேறு மருத்துவரின் எழுத்துமூலமான கருத்து இல்லாமல் காப்பீட்டில் அறுவைக்கு அனுமதி கிடையாது. கையெழுத்துக் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம்.

"பரிசீலனைன்னா கெணத்துல போட்ட கல்லு. ஒரு மாவட்டம், ஆறு மாசம். இதுக்கு இவ்ளோ கத்த வேண்டியிருக்கு" என்று எரிச்சலோடு தாளைக் கட்டிலில் போட்டாள் அமராவதி. ஐந்து நிமிடம் கழித்து எடுத்து மறுபடி படித்தாள். பிலோமினாவுக்குக் காட்டப் போனாள். சுவருக்கு அப்பால் இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. தொகுதிக்கு ஃபோன் போட்டு, "வீரசின்னு, ஒன் வீட்டுக்காரன சனிக்கெழம என்னைய வந்து பாக்கச் சொல்லு, நான் பேசிக்கிறேன்" என்று அதட்டுவதும் கேட்டது.

ஜூன் 26, புதன்

பேரவைச் செயலகத்திலிருந்து அவள் பேச்சின் தட்டச்சுப் பிரதி வந்தது. கேட்டு எழுதியதில் பிழை இருந்தால் உறுப்பினர் திருத்தித் தரலாம். அதற்குப் பிறகு அச்சாகிப் புத்தகமாகிவிடும், யாராலும் மாற்ற முடியாது. அமராவதி நான்கு பக்கத்தையும் என் முன்னால் வைத்தாள்.

"எழுத்துப் பிழை பாத்துக் குடுங்க. எனக்கு ‘ற’வும் ‘ர’வும் தகராறு" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள்.

சிவப்பு மையில் ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "கையெழுத்துப் போட்டது... (குறுக்கீடு) ... ரெண்டே ரெண்டு கோரிக்கை."

கூச்சலில் அவர்களுக்குக் கேட்கவில்லை. பத்திரிகைகளிலும் இல்லை. "என்னிடம் கேட்காமல் எடுத்தார்கள்" என்றுதான் எல்லாரும் போட்டிருந்தார்கள். என் மகளுக்கு அவள் அம்மா சொல்லித் தெரியும். மற்றபடி, இந்தப் பக்கம் இப்படியே அச்சுக்குப் போனால், யார் போட்ட கையெழுத்து என்பது எந்தக் காலத்திலும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அமராவதி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாளா, படிக்காமலே கொடுத்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

நெடுநேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். பிறகு புள்ளிகளை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: "எங்க வீட்டுக்காரரு." அவள் சொன்னது அப்படித்தான். இலக்கணப்படி "எங்கள் வீட்டுக்காரர்" என்று இருக்க வேண்டும். அதைத் திருத்தவில்லை.

அவள் கீழே வந்ததும் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நான்கு பக்கத்திலும் தன் கையெழுத்தைப் போட்டு உறையில் வைத்தாள்.

"அமராவதி, அன்னைக்குக் கண்ணு முழிச்சப்ப என்ன நெனச்ச?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடம் கழித்து.

"இப்பக் கேக்குறீங்களா?" என்றாள். குரலில் அதே எரிச்சல். ஈர வாளியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். முழிப்பு வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை, துப்புரவு அம்மாதான் இருந்தாள், அவள்தான் விஷயத்தைச் சொன்னாள் என்பதிலிருந்து தொடங்கினாள். அடுத்த பிள்ளைக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தாளாம். என்ன பெயர் என்று சொன்னாள். மெமோவுக்குப் பயந்து ஓடிய மனிதன் அன்று சாயங்காலம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்ததையும், அதை அவனே தோல் சீவித் தின்றதையும் சொன்னாள். எனக்கு ஆப்பிள் நினைவே இல்லை. அப்படி நடக்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினாள். நான் இடையில் பேசவில்லை.